ஹெல்ட்பிக்கு ஒரு ஓம்

தொண்ணூறுகளின் நடுவில், ஒரு குளிர்காலம் முழுவதும், நான் வேதத்தில் சேர்ந்து கிறிஸ்தவளாகிவிட்டேன் என்றே எங்கள் குடும்பம் நம்பியிருந்தது.

அப்படி நம்புவதற்கு அவர்களிடம் சான்றுகள் இருந்தன. கனடாவில், ரொறன்ரோவை ஒட்டிய ஸ்காபரோவில், அண்ணனின் வீட்டில் நான் தங்கியிருந்த காலம் அது. ஒவ்வொரு சனிக்கிழமை காலையும், மற்றவர்கள் சனீஸ்வரனுக்கு எள்ளெண்ணெய் எரிக்கப் புறப்படும் வேளையில், நான் கோயிலுக்கு எதிர்த்திசையில் போகும் பஸ்ஸில் ஏறினேன். வெள்ளிக்கிழமை மாலைகளில் குளியலறையைப் பூட்டிக்கொண்டு கண்ணாடியின் முன் நின்று, குரலை ஏற்றியும் இறக்கியும் ஆங்கிலத்தில் எதையோ ஓதினேன். அண்ணனின் மனைவியான மச்சாள் கதவில் காதை வைத்துக் கேட்டுத் தம் ஆய்வின் முடிவை அண்ணனிடம் சமர்ப்பித்தார்.

"கர்த்தர் எண்டும் கேக்கேல்லை, யேசு எண்டும் கேக்கேல்லை. யுனைற்றட் எண்டு கேக்குது, பிறகு சிற்றி எண்டு கேக்குது. இது ஏதோ புதுச் சபை போலை கிடக்கு."

அண்ணன் சமய விவகாரங்களில் தாராள மனம் உடையவர். ஒரு நாள் இரவுச் சாப்பாட்டின்போது, என் முகத்தைப் பார்க்காமல், புட்டைப் பார்த்துச் சொன்னார்: "சேர்ந்தால் சேர் தங்கச்சி. நான் மறிக்கேல்லை. ஆனா ஞானஸ்நானம் எடுக்கிறதெண்டால் ஒரு சொல்லு முன்னமே சொல்லிப்போடு. அப்பாவுக்கு நான்தான் கடிதம் எழுதோணும்."

நான் அதை மறுக்கவில்லை. உண்மை அதைவிட நம்பமுடியாததாக இருந்தது. இங்கிலாந்தின் தொழில்முறை உதைபந்தாட்டத்தில், நான்கு அடுக்குகளில் கடைசி அடுக்கில் ஆடும் அணிகளின் முடிவுகளை, ரொறன்ரோவில் இருந்த முதியவர்களுக்குத் தொலைபேசியில் வாசித்துச் சொல்வதே என் சனிக்கிழமை வேலை. யாழ்ப்பாணத்தில் பெண்கள் பாடசாலை ஒன்றில் ஆங்கில இலக்கியம் கற்பித்தவள் இப்படிச் செய்கிறாள் என்று சொல்வதைவிட, மதம் மாறிவிட்டாள் என்பது குடும்பத்துக்குக் கௌரவமாகவே பட்டிருக்கும்.

இந்த இளவேனிலில் நான் ஓய்வுபெற்றேன். என் கடைசி நாளில், எங்கள் வேலையை எடுத்துக்கொள்ளப்போகும் இயந்திரக் குரலை எங்களுக்கு அறிமுகப்படுத்தினார்கள். அது பிழையே விடாது என்றார்கள். பக்கத்து மேசையில் இருக்கும் ஷாலினி, இங்கேயே பிறந்த பிள்ளை, கேக் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டாள்: "அன்ரி, நீங்க சொக்கர் ஸ்கோர் எல்லாம் போன்ல வாசிச்சீங்களாம். சீரியஸ்லி? அவங்களே செக் பண்ண மாட்டாங்களா?"

எதில் பார்ப்பது, பிள்ளை, என்று நான் திருப்பிக் கேட்டேன். அவளுக்கு அந்தக் கேள்வியே விளங்கவில்லை. அவளுக்காகவே இதை எழுதத் தொடங்கினேன்.

எங்கள் நிறுவனம் பிறருக்காகத் தொலைபேசி எடுக்கும் நிறுவனம். வோபர்னில் ஒரு பிளாசாவின் மேல்மாடியில், உலர்சலவைக் கடைக்கு நேர் மேலே அது இருந்தது. கடையின் நீராவி தரை வழியாக ஏறி வந்ததால், குளிர்காலத்தில் எங்கள் கால்கள் மட்டும் வெப்பநாட்டில் இருந்தன. பல் வைத்தியர், குழாய் திருத்துபவர், மரணச்சடங்கு நடத்துபவர் என்று பலருடைய அழைப்புகளும் எங்கள் பலகையில் சிறு விளக்குகளாக எரியும். எந்த விளக்கு எரிகிறதோ அந்த நிறுவனத்தின் ஆளாக அந்தக் கணமே மாறிவிட வேண்டும். என் பக்கத்து இருக்கையில் இருந்த கணேசண்ணை, ஊரில் ரயில் நிலைய அதிபராக இருந்தவர், முதல் வாரத்தில் விளக்கு மாறி, கணவனை இழந்த ஒரு பெண்மணியிடம், "கவலைப்படாதீர்கள் அம்மா, அடைப்பு எங்கே என்று சொல்லுங்கள், ஒரு மணித்தியாலத்தில் எடுத்துவிடுவோம்" என்று ஆறுதல் கூறினார். அதன்பின் மரணச்சடங்கு விளக்குக்குச் சிவப்புப் பொட்டு ஒன்று ஒட்டப்பட்டது.

சனிக்கிழமை மட்டும் எங்கள் முதலாளி மிஸிஸ் பிக்கரிங்கின் சொந்த இராச்சியம். அவர் இங்கிலாந்தின் வடபகுதியைச் சேர்ந்தவர்; கணவரை இழந்தவர்; பின்னல் சட்டையின் கையில் எப்போதும் ஒரு கைக்குட்டை செருகியிருக்கும். அங்கே பிற்பகலில் தொடங்கும் ஆட்டங்கள் எங்களுக்கு நண்பகலை ஒட்டி முடியும். ஆதர் என்ற ஒருவர் அங்கிருந்து தொலைபேசியில் முடிவுகளைச் சொல்வார். மிஸிஸ் பிக்கரிங் எழுதிக்கொள்வார். பிறகு எங்கள் விளக்குகள் எரியத் தொடங்கும். பெரிய அணிகளின் முடிவுகள் இந்நாட்டுச் செய்திகளிலும் வந்துவிடும். எங்களை நாடியவர்கள் கடைசி அடுக்குக்காரர்கள். அவர்களின் ஊர்களைப் பற்றி அவர்களுடைய பிள்ளைகளே கேட்டறியார்.

என்னை இந்த வேலைக்குத் தேர்ந்தபோது மிஸிஸ் பிக்கரிங் வைத்த சோதனை இன்னும் நினைவில் இருக்கிறது. ஒரு பழைய பட்டியலைத் தந்து வாசிக்கச் சொன்னார். நான் சிறுவயதில் பண்ணிசை பயின்றவள். நிறுத்தி, இழைத்து, உருக்கமாக வாசித்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"மிக அழகு, மிஸ் தவமலர். ஆனால் தோற்றவர்கள் எல்லாரும் இறந்துவிட்டதாகவும், வென்றவர்கள் எல்லாரும் மோட்சம் அடைந்துவிட்டதாகவும் கேட்கிறது."

பிறகு கற்பித்தார். தன் மைதானத்தில் ஆடும் அணியின் பெயர் முதலில் வர வேண்டும். அதையும் அதன் கோல் எண்ணையும் சமதரையில் நடப்பதுபோலச் சொல்ல வேண்டும். நுட்பமெல்லாம் இரண்டாவது பெயரில் இருக்கிறது. வந்த அணி வென்றிருந்தால் அதன் பெயரில் குரல் சற்றே ஏற வேண்டும். தோற்றிருந்தால் இறங்க வேண்டும். சமன் என்றால் ஏறாமலும் இறங்காமலும், நிறைந்த குடத்தைத் தூக்கிச் செல்வதுபோல நிற்க வேண்டும். அதன் பின்னரே எண்.

"எண்ணைத்தான் சொல்லப்போகிறோமே, குரல் எதற்கு?" என்று கேட்டேன்.

"எண் திடீரென்று வரும். அதற்கு முன் ஒரு மனிதர் பக்கத்துக் கதிரையின் சாய்மானத்தைப் பிடித்துக்கொள்ள அவகாசம் கொடுக்க வேண்டாமா?"

இலக்கிய வகுப்புகளில் ஓசையைப் பற்றி நான் நடத்திய பாடங்களில் எதுவும் இவ்வளவு பயனுள்ளதாக இருந்ததில்லை.

வேறு விதிகளும் இருந்தன. வருத்தம் தெரிவிக்கக் கூடாது. "துரதிர்ஷ்டவசமாக" என்ற சொல் தடைசெய்யப்பட்டது. அடுத்து, வேலைத்தலத்தில் மேலாளர் பக்கத்தில் நிற்க இரகசியமாக அழைப்பவர்களுக்கு ஒற்றைச் சொல்லில் விடை: சொந்த மைதானத்து அணி வென்றால் "ஹோம்", வந்த அணி வென்றால் "அவே", சமன் என்றால் "டிரோ". கடைசி விதிதான் கடுமையானது. பிழையான முடிவைச் சொன்னவர், தாமே, அன்றைக்கே அதைத் திருத்த வேண்டும். திருத்தும்போது அந்த ஒரு வரியை மட்டும் சொல்லக் கூடாது. "திருத்தம்" என்று அறிவித்து, அந்தப் பிரிவை முதலிலிருந்து முழுதாக வாசிக்க வேண்டும். பிழை விட்டவர் மறுபடி சனிக்கிழமையில் அமர்வாரா என்பதை மிஸிஸ் பிக்கரிங் தீர்மானிப்பார். எனக்கு முன் இருந்தவர் அமரவில்லை.

எங்கள் வாடிக்கையாளர்களில் ஒருவர் மிஸ்டர் டக்கெற். ஹெல்ட்பி என்ற சிற்றூரில் பிறந்து, இளமையிலேயே ரொறன்ரோவுக்கு வந்து, தெருரயில் பட்டறையில் வேலை செய்து ஓய்வுபெற்றவர். மனைவி இல்லை, பிள்ளைகள் இல்லை; ஹெல்ட்பி டவுன் இருந்தது. ஹெல்ட்பியில் ஒரு காலத்தில் கப்பல் கயிறு திரித்தார்களாம். அதனால் அந்த அணிக்குக் கயிறுகாரர் என்று பட்டப்பெயர். அழைத்ததும், "டக்கெற். கயிறுகாரர்" என்று மட்டும் சொல்லிவிட்டு மூச்சை அடக்கிக் காத்திருப்பார். அவருடைய ஊரில் ஹகரத்தை உச்சரிக்கும் பழக்கம் இல்லை. ஹெல்ட்பியை அவர் எல்ட்பி என்பார். ஹோட்டலை ஓட்டல் என்பார், நம்மவர்களைப் போலவே.

அந்தப் பருவத்தில் ஹெல்ட்பி ஓயாமல் தோற்றது. அவர்களுடைய கோல்காப்பாளர் ஒரு முறை கம்பத்தில் மோதி மயங்கினார். மாற்றாக வந்தவர் மயங்காமலேயே ஆறு கோல்களை விட்டார். ஒவ்வொரு தோல்விக்குப் பின்னும் மிஸ்டர் டக்கெற் "அங்கே பனி கொட்டுகிறதா, மிஸ்?" என்பார். அவர் குடியிருந்த மாடிக்கட்டடம் எங்கள் அலுவலகத்திலிருந்து பஸ்ஸில் சில தரிப்புகள் தள்ளித்தான் இருந்தது. "ஆம், கொட்டுகிறது" என்பேன். "இங்கேயும்தான்" என்று ஆறுதலடைந்து வைத்துவிடுவார்.

கணேசண்ணை இந்த உரையாடல்களை ஒரு காதால் கேட்டுக் கேட்டு ஹெல்ட்பியின் கட்சிக்காரராகிவிட்டார். ஊரில் ஒரு கழகத்துக்குக் கோல் காத்துப் பல்லொன்றைக் கொடுத்தவர் அவர்.

"ஏன் அண்ணை, எத்தினை ரீம் கிடக்கு, உந்தக் கடைசி ரீமை ஏன் பிடிச்சனீங்கள்?"

"மேலை கிடக்கிறவனை எல்லாரும் பாப்பினம் தங்கச்சி. அடியிலை கிடக்கிறவனுக்கும் ஒரு ஆள் வேணுமெல்லே. அதோடை, அந்தக் கோல்கீப்பர்ப் பெடியனிலை எனக்கொரு அனுதாபம்."

கடைசி அடுக்கிலும் கடைசி இடத்துக்கு வரும் அணி லீக்கை விட்டே வெளியேற வேண்டும் என்பது அன்றைய நியதி. அதற்குப் பின் அது ஊர்க் கழகங்களோடு ஆட வேண்டியதுதான். இளவேனில் வந்தபோது ஹெல்ட்பி கடைசி இடத்தில் இருந்தது. மிஸ்டர் டக்கெற் இருதய நோயோடு ஆஸ்பத்திரியில் இருந்தார். நடைபாதைத் தொலைபேசியில் ஓரிரு சொற்கள் பேச மட்டும் தாதி அனுமதித்தார். ஆகவே அவரும் ஒற்றைச் சொல் வாடிக்கையாளரானார். அவர் படுத்த பிறகு ஹெல்ட்பி எழுந்துகொண்டது வேறு விஷயம். "டிரோ" என்றேன் ஒரு வாரம். அடுத்த வாரம் "ஹோம்". அதற்கடுத்த வாரம் "அவே". அன்று ஹெல்ட்பிதான் வெளியூரில் ஆடியது. இப்படி வந்து, எல்லாமே கடைசிச் சனிக்கிழமையில் தொங்கியது. ஹெல்ட்பி சொந்த மைதானத்தில் மார்ஸ்விக் என்ற அணியைச் சந்தித்தது. வென்றால் லீக்கில் இருக்கும். சமன் போதாது.

அன்று ஊர் முழுவதும் மைதானத்துக்குத் திரண்டதாம். உள்ளே விட நேரம் பிடித்ததால் ஆட்டம் தாமதமாகத் தொடங்கியது என்று ஆதர் சொல்லியிருந்தார். மற்ற முடிவுகள் வந்துவிட்டன. ஹெல்ட்பிக்கு நேராக மட்டும் வெற்றிடம். மிஸிஸ் பிக்கரிங் உள்ளறையில் ஆதரின் அழைப்புக்காகக் காத்திருந்தார். தாமதத்தை அறியாத மிஸ்டர் டக்கெற் வழக்கமான நேரத்துக்கு அழைத்தார்.

"டக்கெற்" என்றார். கயிறுகாரர் என்று சொல்ல மூச்சு இல்லை.

இன்னும் முடியவில்லை, பிறகு அழையுங்கள் என்று சொல்ல நான் வாயெடுத்தேன். அதே கணத்தில் கணேசண்ணை தம் பிளாஸ்கைத் திறந்தபடி பக்கத்திலிருந்து கேட்டார்:

"தங்கச்சி, தேத்தண்ணி விடட்டோ?"

மனித மூளை ஒரு வேளையில் ஒரு மொழிக்குத்தான் கதவு திறக்கும் போலிருக்கிறது. நான் பேசும் குழாயை மூடாமல், தலையை மட்டும் திருப்பி, பிறந்த நாள் முதல் சொல்லிவரும் அந்த ஒற்றைச் சொல்லைச் சொன்னேன்:

"ஓம்."

மறுமுனையில் ஒரு முழக்கம் எழுந்தது. நோயாளியின் நெஞ்சிலிருந்து வரக்கூடிய ஓசை அல்ல அது. "ஓம்! ஓம்! பையன்கள் செய்துவிட்டார்கள்!" என்று யாருக்கோ அவர் கத்துவது கேட்டது. இணைப்பு அறுந்தது.

கணேசண்ணை கோப்பையை நீட்டிய கையோடு என்னைப் பார்த்தார். "ஏன் பிள்ளை முகம் வெளிறிப்போச்சு?"

"அண்ணை, நான் ஹெல்ட்பியை வெல்ல வைச்சிட்டன்."

"எப்பிடி?"

"ஓம் எண்டு சொல்லி."

ஹகரம் இல்லாத அந்தக் காதில் ஓமும் ஹோமும் ஒன்று என்பது அவருக்கு விளங்கச் சற்று நேரம் எடுத்தது. விளங்கியதும் தேநீரைத் தாமே ஒரு மிடறு குடித்தார். "சரி, அப்ப வெல்லட்டும். இன்னும் ஆட்டம் முடியேல்லைத்தானே. நீ முன்கூட்டிச் சொன்னனீ, அவ்வளவுதான்." பிறகு கண்ணை மூடி, ஸ்காபரோப் பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் உடைப்பதாக நேர்ந்துகொண்டார். இங்கிலாந்தின் கடைசி அடுக்குக்காக அந்தப் பிள்ளையாரிடம் வந்த முதல் விண்ணப்பம் அதுவாகத்தான் இருக்கும்.

நான் ஆஸ்பத்திரிக்குத் தொலைபேசி எடுத்தேன். தாதியின் குரல் மலர்ந்திருந்தது. "நீங்கள்தான் அந்தப் பெண்ணா? என்ன சொன்னீர்கள் அவருக்கு? நடைபாதை முழுக்க எல்லார் கையையும் பிடித்துக் குலுக்கினார். நாட்கணக்கில் தொடாத சாப்பாட்டை இப்போது சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார். எங்கள் மாத்திரைகளை நிறுத்திவிட்டு உங்களைத்தான் கொடுக்க வேண்டும்." இப்போது அவரைத் தொலைபேசிக்கு அழைத்து வர முடியாது, ஓய்வெடுக்கட்டும் என்று வைத்துவிட்டார்.

திரும்பினேன். மிஸிஸ் பிக்கரிங் பின்னால் நின்றார். கையில் பென்சில் இருந்தது. அதை அவர் வழக்கம்போலக் காதில் செருகாமல் வைத்திருந்தது நல்ல அறிகுறி அல்ல.

"எல்ட்பி முடிவை யார் கொடுத்தது?"

சொன்னேன். "ஓம்" என்றால் எங்கள் மொழியில் ஆமாம் என்று பொருள், தேநீர் வேண்டுமா என்று கேட்டார், வேண்டும் என்றேன் என்று, வகுப்பில் பிடிபட்ட மாணவியைப்போல வரிசையாக ஒப்புவித்தேன். அப்போது உள்ளறைத் தொலைபேசி மணி அடித்தது. அவர் போனார். நாங்கள் இருவரும் சுவரையே பார்த்துக்கொண்டு நின்றோம். கணேசண்ணையின் உதடுகள் அசைந்தன.

மிஸிஸ் பிக்கரிங் வாசலுக்கு வந்து நின்று வாசித்தார். எங்கள் இருவருக்காகத்தான் என்றாலும் முறைப்படியே வாசித்தார். "எல்ட்பி டவுன், ஒன்று. மார்ஸ்விக்..." குரல் ஏறவில்லை. இறங்கவும் இல்லை. நான் கதிரையைப் பிடித்துக்கொண்டேன்.

"ஒன்று."

"சமன் எண்டால் போச்சுதோ?" என்றார் கணேசண்ணை மெதுவாக.

"போச்சு அண்ணை."

சிறிது நேரம் கழித்து, உண்மையான மனக்குழப்பத்தோடு கேட்டார்: "வெல்லத்தான் நேர்ந்தனான். சமனுக்குப் பாதித் தேங்காய் உடைக்கலாமோ?"

பிறகு அவரே பேசினார். "தங்கச்சி, விட்டிடு. மனுசன் சாப்பிடுறாராம். நெஞ்சுக்கு ஏலாதவர். இனி அடுத்த பருவத்துக்கு எவ்வளவோ நாள் கிடக்கு. தெரியாமலே சந்தோசமாக் கிடக்கட்டுமன்."

நான் மொழிபெயர்த்தேன். மிஸிஸ் பிக்கரிங் அதை அலட்சியப்படுத்தவில்லை. ஜன்னலருகே போய் வாகனத் தரிப்பிடத்தைப் பார்த்தபடி வெகுநேரம் யோசித்தார்.

"மிஸ்டர் கணேசன் நல்ல மனிதர்" என்றார். "ஆனால் நாளைக்கோ மறுநாளோ யாராவது ஊரிலிருந்து அவருக்குச் சொல்வார்கள். வருத்தம் தெரிவிப்பார்கள். 'துரதிர்ஷ்டவசமாக' என்பார்கள். அவருக்குப் பிடித்துக்கொள்ளக் கதிரை இருக்காது." பிறகு மேலங்கியை எடுத்தார். "வாருங்கள், மிஸ் தவமலர். பட்டியலையும் எடுத்துக்கொள்ளுங்கள்."

காரில் நான் மனதுக்குள் ஒத்திகை பார்த்தேன். மச்சாள் கதவில் காதை வைத்துக் கேட்ட அந்த ஓதலை, அன்றுபோல் உண்மையான பிரார்த்தனையாக நான் ஒருபோதும் ஓதியதில்லை.

அந்த அறையில் இரண்டு கட்டில்கள். மிஸ்டர் டக்கெற்றை நான் நேரில் காண்பது அதுவே முதல் முறை. குரலை வைத்து உயரமானவராக எண்ணியிருந்தேன், சிறிய மனிதர், தலையணைகளுக்கு நடுவில், வெறுமையான சாப்பாட்டுத் தட்டின் முன், வெற்றி வீரனைப்போல உட்கார்ந்திருந்தார். மிஸிஸ் பிக்கரிங் என்னை அறிமுகப்படுத்தினார். அவர் என் இரு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"மிஸ்! நீங்களா! இத்தனை தூரம் வந்தீர்களா?"

நான் கைகளை விடுவித்துக்கொண்டு, கட்டிலின் கால்மாட்டில் போய் நின்றேன்.

"திருத்தம்" என்றேன்.

அவருக்கு எங்கள் விதி தெரியும். எவ்வளவு காலமாகக் கேட்டு வருபவர்! எந்த அணிக்கு என்று அவர் கேட்கவில்லை. புன்னகை அப்படியே இருக்க, கண்கள் மட்டும் மூடிக்கொண்டன. "முதலிலிருந்து, மிஸ். ஒழுங்காக" என்றார்.

பிரிவின் முதல் ஆட்டத்திலிருந்து தொடங்கினேன். அகரவரிசையில் ஹெல்ட்பி நடுவில்தான் வரும். அதுவரை ஒவ்வோர் ஊராகக் கடந்து போனேன். அடுத்த கட்டிலில் இருந்தவர் தம் வானொலியை அணைத்தார். மருந்துத் தட்டோடு வந்த தாதி வாசலில் நின்றுவிட்டார். ஹெல்ட்பிக்கு முந்திய பெயர்களில் குரல் ஏறியது, இறங்கியது. மிஸ்டர் டக்கெற்றின் விரல்கள் போர்வையின் மேல் அதனோடு ஏறி இறங்கின.

"ஹெல்ட்பி டவுன், ஒன்று." சமதரை. "மார்ஸ்விக்..."

ஏற்றவும் இல்லை, இறக்கவும் இல்லை. என் வாழ்நாளில் எந்தப் பெயரையும் அவ்வளவு கவனமாகத் தூக்கிச் சென்றதில்லை. எண்ணுக்கு முன்பே அவருடைய விரல்கள் நின்றன. ஒரு கை மெல்ல நகர்ந்து கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டது. அது பிடிக்கும் வரை பொறுத்திருந்தேன்.

"ஒன்று."

விதிப்படி மிச்சப் பட்டியலையும் முடித்தேன். அடுத்த கட்டில்காரர்தான் பொறுக்கமாட்டாமல் கேட்டார்: "சமன்தானே? சமன் நல்லதுதானே?"

"இன்றைக்கு இல்லை" என்றார் மிஸ்டர் டக்கெற், கண் திறக்காமல். பிறகு என்னைப் பார்த்தார். "ஆனால் நீங்கள் ஓம் என்றீர்களே, மிஸ். நான் என் காதால் கேட்டேன்."

"அது எங்கள் மொழி. ஆமாம் என்று அர்த்தம். பக்கத்தில் இருந்தவர் என்னிடம் ஒன்று கேட்டார்."

"என்ன கேட்டார்?"

"தேநீர் வேண்டுமா என்று."

அவர் என்னையே பார்த்தார். முகத்தில் ஏதோ கட்டவிழ்ந்தது. அழப்போகிறார் என்று நினைத்துத் தாதி முன்னால் வந்தார்.

"கிடைத்ததா?" என்றார்.

"என்ன?"

"தேநீர்."

யோசித்துப் பார்த்தேன். "இல்லை. அவரே குடித்துவிட்டார்."

மிஸ்டர் டக்கெற் சிரிக்கத் தொடங்கினார். அந்தச் சிரிப்பு இருமலாகி, இருமல் மறுபடி சிரிப்பாகி, தாதி ஒட்சிசன் முகமூடியை எடுக்கும் அளவுக்குப் போனது. அதை விலக்கிவிட்டு, "எல்ட்பியும் விழுந்தது, இந்தப் பெண்ணுக்குத் தேநீரும் இல்லை! யாராவது இவருக்கு ஒரு கோப்பை கொண்டு வாருங்கள்!" என்றார். அடுத்த கட்டில்காரர் தமது கோப்பையையே நீட்டினார். ஆறிப்போன, பாலில்லாத, ஆஸ்பத்திரித் தேநீர். நின்றபடியே குடித்து முடித்தேன்.

புறப்படும்போது அவர் சொன்னார்: "ஒன்று சொல்கிறேன், மிஸ். இன்று மதியச் சாப்பாட்டு நேரம் முழுக்க எல்ட்பி லீக்கில் இருந்தது. உலகத்திலேயே எனக்கு ஒருவனுக்கு மட்டும். அந்த மைதானத்தில் நின்ற எவனுக்கும் அது கிடைக்கவில்லை." பிறகு சற்று நிறுத்தி, "வெளியே மழையா?" என்று கேட்டார்.

"ஆம்."

"இங்கேயும்தான்."

மிஸிஸ் பிக்கரிங் காரைக் கிளப்புவதற்கு முன் சட்டைக் கையிலிருந்து கைக்குட்டையை எடுத்து, தமக்கே உரிய முறையில், ஒரு முறை மட்டும் மூக்கைச் சிந்தினார். நான் வேலை போய்விட்டது என்று தயாராக இருந்தேன்.

"இனிமேல்" என்றார், "மிஸ்டர் கணேசன் தேநீரைக் கையால் சைகை காட்டிக் கேட்கட்டும்."

அன்று மாலை சிவந்த கண்களோடு வீட்டுக்குப் போனேன். மச்சாள் பதறிவிட்டார். "என்ன, உங்கடை பாஸ்டர் ஏதும் பேசினவரோ?" அதற்குமேல் மறைக்க எனக்குத் தெம்பில்லை. குளியலறை ஓதல் முதல் ஆறிய தேநீர் வரை எல்லாவற்றையும் சொன்னேன். அப்பாவுக்கு எழுத வைத்திருந்த கடிதம் வீணாகிவிட்டதே என்ற ஏமாற்றம் அண்ணனிடம் சிறிது தெரிந்தது. மச்சாள்தான் தீர்ப்புச் சொன்னார்: "இதுக்கு வேதமே பரவாயில்லைப் போலை. அங்கை தோத்தாலும் மோட்சம் கிடைக்குமாம்."

மிஸ்டர் டக்கெற் தேறி வீடு திரும்பினார். புதிய பருவம் தொடங்கியபோது ஆதரின் பட்டியலில் ஹெல்ட்பி இல்லை. லீக்குக்கு வெளியே விழுந்த அணிகளை அவர் சொல்வதில்லை. முதல் சனிக்கிழமை நண்பகலில் மிஸிஸ் பிக்கரிங் உள்ளறையில் யாருடனோ உரக்கப் பேசுவது கேட்டது. ஹெல்ட்பி மைதானத்துக்கு எதிரே இருந்த ஒரு மதுச்சாலையைத் தாமே தேடிப்பிடித்து அழைத்திருந்தார். வெளியே வந்து, எங்கள் பட்டியலின் அடியில், பென்சிலால் ஒரு வரியைச் சேர்த்தார். ஒரே ஒருவருக்காக. பிறகு ஒவ்வொரு சனிக்கிழமையும் அப்படியே செய்தார். அது எந்த விதியில் இருக்கிறது என்று நான் கேட்கவில்லை.

அந்த வரியை நான் வாசிப்பேன். ஹெல்ட்பி அங்கேயும் தோற்றுக்கொண்டுதான் இருந்தது. கேட்டு முடித்ததும் மிஸ்டர் டக்கெற் இப்போது வானிலையைக் கேட்பதில்லை.

"தேநீர் வேண்டுமா, மிஸ்?" என்பார்.

"ஓம்" என்பேன்.

"அப்படியானால் வெற்றிதான்" என்று சொல்லி வைத்துவிடுவார். அவருடைய அழைப்பு நின்றுபோன சனிக்கிழமை வரை ஹெல்ட்பி இவ்வாறு ஒவ்வொரு வாரமும் சொந்த மைதானத்தில் வென்றது.

பலகையும் விளக்குகளும் பின்னர் கணினிகளாயின. முடிவுகளை யாரும் தொலைபேசியில் கேட்காத காலம் வந்தது. மிஸிஸ் பிக்கரிங் தம் கணவருக்குப் பக்கத்தில் உறங்குகிறார். கணினி வருவதற்கு முன்பு, அந்த ஏற்பாட்டுக்கான அழைப்பைச் சிவப்புப் பொட்டு ஒட்டிய விளக்கில் நான்தான் எடுத்தேன். நிறுவனம் இடம் மாறியது; உலர்சலவைக் கடைக்கு மேலே இப்போது நகம் அழகுபடுத்தும் நிலையம் இருக்கிறது.

கணேசண்ணை ஸ்ரௌவ்வில் என்ற ஊரில் மகன் வீட்டில் இருக்கிறார். காது மந்தம். சனிக்கிழமை நண்பகலில் எனக்கு எடுப்பார். ஹெல்ட்பியின் முடிவை மகனின் கணினியில் பார்த்து வைத்திருப்பார். ஆனாலும் நான் வாசிக்க வேண்டும். இரண்டாவது பெயரில் என் குரல் ஏறுகிறதா இறங்குகிறதா என்பது இப்போது அவருக்குச் சரியாகக் கேட்பதில்லை. வாசித்து முடித்ததும், "தேத்தண்ணி குடிச்சிட்டியோ, தங்கச்சி?" என்று உரக்கக் கேட்பார்.

"ஓம்" என்பேன். அந்தச் சொல் மட்டும் அவருக்கு இன்னும் தெளிவாகக் கேட்கிறது. அதைக் கேட்க அவர் இருக்கிறார். சொல்ல நான் இருக்கிறேன்.